பளபளப்பை எடை போடுவது: தோட்டத்து மண்டபத்தில் மாயச் சண்டைப் படம் பார்க்கும் முறை

“கிராபிக்ஸ் சூப்பர்ணே, கதைதான் ஒண்ணுமில்ல.” மந்திரவாள், பறக்கும் குதிரை, மூன்று மாடி உயர அரக்கன் என்று வரும் எந்தப் படத்துக்கும் இந்த ஒரே வரியை ஒட்டிவிடலாம். ஒட்டவும் செய்கிறோம். அது தீர்ப்பு அல்ல, தப்பித்தல். சூப்பர் என்றால் எது சூப்பர்? நிறமா, சண்டை அமைப்பா, வெட்டா, உடையா? கதை இல்லை என்றால் எந்த இடத்தில் இல்லாமல் போனது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் இருபது முப்பது பேர் மண்டபத்தில் கூடி ஒரு படத்தைப் போட்டுப் பார்த்து, அதன் நிறை குறைகளைப் பேசித் தீர்க்க வேண்டும் என்றால் எப்படிச் செய்வது என்பதுதான் இங்கே. பெரிய திரையரங்குக்கு ஈப்போ வரை போய்வர முடியாதவர்கள்தான் கூட்டத்தில் அதிகம் இருப்பார்கள். ஆகவே முதல் வேலை, மண்டபத்தின் குறையைப் படத்தின் தலையில் கட்டாமல் இருப்பது.

திரையும் வெளிச்சமும்

காட்சி அழகை நம்பி எடுத்த படம் வெளிச்சத்தில் கெட்டால் எல்லாமே கெட்டது. திரையரங்குகளுக்கு வைத்திருக்கும் அளவு, திரையின் ஒரு சதுர அடிக்கு 14 லூமன் (லூமன் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). 10 அடி அகலமும் 5.6 அடி உயரமும் உள்ள திரை 56 சதுர அடி. 56ஐ 14ஆல் பெருக்கினால் 784. ஆக, சுமார் 800 லூமன் திரைக்கு வந்து சேர்ந்தால் போதும். புரொஜெக்டர் பெட்டியில் 3,000 என்று போட்டிருக்கும். அது பச்சை பூத்துத் தெரியும் ‘டைனமிக்’ முறையில் கிடைக்கும் கணக்கு. ‘சினிமா’ முறைக்கு மாற்றினால் பாதிக்குக்கூட இறங்கும். இறங்கட்டும், நம் தேவைக்கு அதுவே மிச்சம். தோலின் நிறம் தோலின் நிறமாகத் தெரிய வேண்டும் என்றால் சினிமா முறைதான்.

கெடுப்பது குறைந்த வெளிச்சம் அல்ல, வேண்டாத வெளிச்சம். மண்டபத்தின் பின்மூலையில் ஒரு குழல்விளக்கு எரிந்தாலே திரையில் கறுப்பு சாம்பலாகிவிடும். குகைச் சண்டை, இரவுச் சண்டை எல்லாம் “ஒண்ணும் தெரியல” என்ற புகாரில் முடியும். மாலை ஏழரை வரை வானத்தில் வெளிச்சம் இருப்பதால் எட்டுக்கு முன் தொடங்க வேண்டாம். சன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டுங்கள். கொசுவர்த்திச் சுருளைப் புரொஜெக்டருக்கும் திரைக்கும் நடுவே வைக்காதீர்கள். அந்தப் புகை ஒளிக்கற்றையில் பட்டு இல்லாத மூடுபனியைப் படத்தில் சேர்க்கும்.

திரைக்கு ஒற்றை வெள்ளைத் துணி போதாது. வெளிச்சத்தில் ஒரு பங்கு பின்னால் ஒழுகிப்போகும். தையல் இல்லாத அகலத் துணியாக வாங்கி, பின்னால் கறுப்புத் துணி வைத்துத் தைத்து, நாலு பக்கமும் இழுத்துக் கட்டுங்கள். மேல்விசிறி காற்றில் திரை ஆடினால் நிலையான காட்சியும் அலையும். புரொஜெக்டரைத் தரையில் வைத்து, சாய்ந்த படத்தைப் பொத்தானால் நிமிர்த்துவது இன்னொரு பழக்கம். அப்படி நிமிர்த்தும்போது படம் மங்கும், நுணுக்கம் போகும். மேசைமேல் மேசை போட்டாவது உயர்த்தி நேராக வையுங்கள். பெரும்பாலான சாதாரண புரொஜெக்டர்களுக்குத் திரை அகலத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரம் வேண்டும்: 10 அடித் திரைக்கு 15 அடி.

பெரிய தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு வேறொரு தொல்லை. படம் எடுக்கப்பட்டது வினாடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனிப்படம். தொலைக்காட்சி, இல்லாத ஃப்ரேம்களைத் தானே உண்டாக்கி நடுவில் செருகி அசைவை வழுவழுப்பாக்கும். உடனே அரண்மனை செட்டு போலத் தெரியும், வாள் அட்டை போலத் தெரியும், “சீரியல் மாதிரி இருக்கு” என்பார்கள். அமைப்பில் போய் அசைவு மென்மையாக்கும் வசதியை அணைத்துவிட்டுத்தான் குறை எழுத வேண்டும். படம் முழுக்கச் சாம்பல் பூத்து வெளிறியிருந்தால், எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே கூடுதல் வீச்சு உள்ள) பதிப்பை அந்த வசதி இல்லாத கருவியில் ஓட்டுகிறீர்கள் என்று பொருள். சாதாரணப் பதிப்பைப் போடுங்கள். புகையிலும் இருட்டிலும் கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்தால் அது பெரும்பாலும் இணைய வேகத்தின் கோளாறு, ஒளிப்பதிவாளரைத் திட்டாதீர்கள்.

ஒலியில் நூற்றுக்குத் தொண்ணூறு மண்டபங்களில் நடக்கும் பிழை ஒன்றுதான்: இசை காதைப் பிளக்கும், வசனம் கேட்காது. படத்தின் ஒலி ஆறு தடங்களில் இருக்கும். வசனம் பெரும்பாலும் நடுத்தடத்தில். நம்மிடம் இருப்பது இடம், வலம் என இரண்டே ஒலிபெருக்கி. கருவி நடுத்தடத்தைச் சரியாகக் கலக்காமல் விட்டால் வசனம் பாதாளத்தில் போய்விடும். ஒலி வெளியீட்டை ‘ஸ்டீரியோ’ அல்லது ‘பிசிஎம்’ என்று மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் தீரும். தகரக் கூரையில் மழை பிடித்தால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. நிறுத்திவிட்டு தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) கலக்குங்கள்.

ஒன்று முக்கியம். வீட்டுக்குக் கட்டும் மாதச் சந்தாவில் பொதுத் திரையிடலுக்கு உரிமை வராது. உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தணிக்கை ஆகாத பதிப்பைக் கூட்டத்தில் போடாதீர்கள். தணிக்கை என்றதும் இன்னொன்று: ஒருவன் வாளை ஓங்குகிறான், அடுத்த நொடி எதிரி கீழே கிடக்கிறான், இசையும் நடுவில் அறுந்து தாவுகிறது என்றால் அது தணிக்கை வெட்டாக இருக்கலாம். படத்தொகுப்பாளர் வெட்டினால் இசை தொடரும். இசையும் சேர்ந்து துண்டானால் படத்தொகுப்புக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம்.

முதல் தடவை: கையில் பேனா வேண்டாம்

முதல் பார்வையில் யாரும் எழுதக்கூடாது. சாதாரணமாகப் பாருங்கள், விசிலடியுங்கள். ஒரே வேலை இடைவேளையில்: பத்துப் பேரிடம் தனித்தனியாக, மற்றவர் காதில் விழாமல், ஒரு கேள்வி கேளுங்கள். “நாயகனுக்கு என்ன வேணும்?” ஒரே வரியில் பதில். பத்தில் எட்டுப் பேர் ஒரே பதிலைச் சொன்னால் கதையின் முதுகெலும்பு நேராக இருக்கிறது. நாலு விதமாகச் சொன்னாலோ, “உலகத்தக் காப்பாத்தணும்” என்று இழுத்தாலோ, ‘கதை இல்ல’ என்ற புகாரின் வேர் கிடைத்துவிட்டது. கதை இல்லாமல் இல்லை; நாயகனின் தேவை நம் கைக்கு எட்டவில்லை. இரண்டும் வேறு.

மாய உலகத்துக்கு இன்னொரு சோதனை உண்டு. அதற்கு வேதாளத்தைக் கூப்பிடலாம். விக்ரமாதித்தனுக்குப் பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும். வாயைத் திறந்தால் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். இரண்டே விதி. சின்னப் பிள்ளைக்கும் புரியும், ஒவ்வொரு கதையிலும் கழுத்தை நெரிக்கும். படத்தின் மந்திரத்துக்கும் இப்படி எழுத முடிகிறதா பாருங்கள்: இந்தச் சக்தியால் என்ன முடியும், என்ன முடியாது, அதற்குக் கொடுக்கும் விலை என்ன. படம் தொடங்கி நாற்பது நிமிடத்துக்குள் மூன்றுக்கும் விடை வந்திருக்க வேண்டும். விலை இல்லாத சக்தி வெறும் வாணவேடிக்கை. கிளைமாக்சில் நாயகன் அடிபட்டு விழுந்தபின் கண் சிவந்து, அதுவரை சொல்லாத புதுச் சக்தி பிறந்தால் அதைக் குறையாகத் தயங்காமல் எழுதுங்கள். எவ்வளவு அழகாகப் பிறந்தாலும் சரி.

இரண்டாம் தடவை: சண்டையைப் பிரித்து மேய்வது

அடுத்த வாரம் முழுப்படமும் வேண்டாம். மூன்று சண்டைகளைத் தேர்ந்தெடுங்கள்: முதலாவது, இடைவேளைக்கு முந்தியது, கடைசியானது.

ஒலியை முழுக்க அடைத்துவிட்டு ஓட்டுங்கள். எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி, “இப்போ நாயகன் எங்க நிக்கிறான்? எதிரி எந்தப் பக்கம்? வாசல் எது?” என்று கேளுங்கள். நாலு இடத்தில் நிறுத்தி மூன்றில் கூட்டம் சரியாகச் சொன்னால் சண்டையின் இட அமைப்பு தேறிவிட்டது. சொல்ல முடியாவிட்டால், இதுவரை நம்மை இருக்கையில் பிடித்து வைத்தது பின்னணி இசை என்று தெரிந்துவிடும். இந்த ஒரு சோதனையிலேயே பாதிப் படங்கள் படுத்துவிடுகின்றன.

அடுத்தது வெட்டுக் கணக்கு. இரண்டு பேர் ஆளுக்கொரு பிடி ரப்பர் கொட்டையுடன் உட்காருங்கள். ஒரு நிமிடச் சண்டையில் காட்சி மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு கொட்டை தட்டில் விழ வேண்டும். 60ஐக் கொட்டை எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு ஷாட்டின் சராசரி நீளம். 40 கொட்டை என்றால் ஒன்றரை வினாடி. இருவர் கணக்கும் ஐந்துக்கு மேல் வித்தியாசப்பட்டால் மறுபடி ஓட்டுங்கள்.

எண் சிறியதாக வந்ததும் “வெட்டித் தள்ளிட்டான்” என்று பாயக்கூடாது. 2015இல் வந்த ‘மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோட்’ இரண்டு மணி நேரத்தில் ஏறக்குறைய 2,700 ஷாட்டுகள் கொண்டது, சராசரி மூன்று வினாடிகூட இல்லை. ஆனாலும் யார் எந்த வண்டியில் என்ற குழப்பம் வராது. காரணம், கவனிக்க வேண்டிய பொருள் ஷாட்டுக்கு ஷாட் திரையின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும். வெட்டு மாறினாலும் கண் அலைய வேண்டியதில்லை. தொகுத்த மார்கரெட் சிக்செலுக்கு ஆஸ்கர் கிடைத்ததில் வியப்பில்லை. ஆக, கொட்டை எண்ணியபின் கேட்க வேண்டியது: ஒவ்வொரு வெட்டிலும் கண் தேடிப்போக வேண்டியிருக்கிறதா? ஒருவர் திரையின் நடுவில் விரலை நீட்டிப் பிடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். முக்கியமான முகம் விரல் பக்கத்தில் வராமல் இங்கும் அங்கும் தாவினால், வேகத்தின் மேல் பழி போட வேண்டாம், காட்சியைத் திரைச் சட்டகத்துக்குள் அமைத்த விதத்தின் மேல் போடுங்கள்.

சண்டை கதையை நகர்த்துகிறதா என்பதற்கு நம் பக்கத்து ஊர்க்காரரே சாட்சி. ஈப்போவில் பிறந்த மிஷெல் இயோ, 2000ஆம் ஆண்டு ஆங் லீ இயக்கிய ‘குரூச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்’ படத்தில் இளையவளோடு முற்றத்தில் மோதும் சண்டையைப் பாருங்கள். இவர் ஆயுதத்துக்கு ஆயுதம் மாற்றுவார். எதிரியின் வாள் ஒவ்வொன்றாக முறித்துக்கொண்டே வரும். யார் திறமைசாலி, யாருக்கு நல்ல வாள் மட்டும் வாய்த்திருக்கிறது என்ற வழக்கு அங்கே அடியிலேயே நடக்கிறது. ஒரு வசனம் வேண்டாம். உங்கள் படத்தின் சண்டைக்கு இதே கேள்வியைப் போடுங்கள்: தொடங்கும்போது இருந்த நிலையில் எது மாறியது? ஒன்றும் மாறவில்லை, இருபது பேர் விழுந்தார்கள் அவ்வளவுதான் என்றால், அந்த ஆறு நிமிடத்தை வெட்டி எடுத்தாலும் படம் அப்படியே இருக்கும். அது பெரிய குறை.

ஸ்லோமோஷனும் எடையும்

96 ஃப்ரேமில் எடுத்து 24இல் ஓட்டினால் நாலு மடங்கு மெதுவாகும். இரண்டு வினாடிப் பாய்ச்சல் எட்டு வினாடி ஆகும். அந்த எட்டு வினாடியில் நமக்குப் புதிதாக ஏதாவது தெரிந்ததா? எதிரியின் முகத்தில் பயம் பிறந்தது, தூரத்தில் இன்னொரு அம்பு புறப்பட்டது, இப்படி ஏதோ ஒன்று. அப்படியானால் மெதுவாக்கியது நியாயம். தலைமுடி பறந்தது, மழைத்துளி உடைந்தது மட்டும்தான் என்றால், முதல் முறை மன்னிக்கலாம். ஒரே படத்தில் பத்தாவது முறை வரும்போது கூட்டம் கைபேசியை எடுக்கும். எத்தனையாவது தடவையில் முதல் கைபேசி ஒளி தெரிகிறது என்று பின்வரிசைக்காரரைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். அதைவிட நேர்மையான விமர்சகர் கிடையாது.

கிராபிக்ஸின் எடையை அளக்கத் தோட்டத்து ஆட்களை விடப் பொருத்தமானவர்கள் யாரும் இல்லை. செம்பனைக் குலை வெட்டியவருக்கு இருபது கிலோ பொருள் மேலிருந்து வந்தால் எப்படி வரும், தரையில் எப்படி அமுங்கும், எவ்வளவு தூசி எழும் என்பது உடம்புக்கே தெரியும். 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொட 1.4 வினாடி. 20 மீட்டருக்கு 2 வினாடி. 45 மீட்டருக்கு 3. இந்த மூன்று எண்ணையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, கோட்டைச் சுவரிலிருந்து வீரர்கள் விழும் காட்சிகளில் வினாடியை எண்ணுங்கள். ஆறு மாடி உயரத்திலிருந்து குதிப்பவன் ஐந்து வினாடி மிதந்தால், அவனுக்கு மிதக்கும் சக்தி உண்டு என்று படம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் உடம்பில் எடை இல்லை. எதிர்ப்பக்கமும் உண்டு: ‘பொம்மை மாதிரி இருக்கு’ என்று பட்ட காட்சியில் விழும் நேரம் சரியாக இருக்கலாம், அப்போது காலடியைப் பாருங்கள். அரக்கன் மிதித்த இடத்தில் மண் அமுங்குகிறதா, நிழல் காலோடு ஒட்டியிருக்கிறதா, ஆளின் முகத்தில் ஒரு பக்கம் வெளிச்சமும் பின்னாலிருக்கும் மலையில் மறுபக்கம் வெளிச்சமுமாக இருக்கிறதா. பொம்மைத்தனம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் ஒளிந்திருக்கும்.

கடைசிச் சண்டை இருட்டு, மழை, புகை மூன்றும் சேர்ந்து வந்தால் சற்றே சந்தேகப்படுங்கள். மனநிலைக்காகவும் இருக்கலாம், முடிக்காத கிராபிக்ஸை மூடவும் இருக்கலாம்.

நிறம்

ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஒரு படத்தைக் கைபேசியில் பிடித்து வரிசையாக அடுக்கிப் பாருங்கள். அரண்மனை ஒரு நிறம், காடு ஒரு நிறம், பகைவர் நாடு ஒரு நிறம் என்று பிரிந்தால் நிறம் வேலை செய்கிறது: ஊர்ப்பெயரை எழுதிக் காட்டாமலே எங்கே இருக்கிறோம் என்று தெரிகிறது. ஜாங் யிமோ இயக்கிய ‘ஹீரோ’ (2002) இதை வெகுதூரம் கொண்டுபோனது. ஒரே நிகழ்ச்சி வேறுவேறு விதமாகச் சொல்லப்படும்போது உடையும் சூழலும் ஒரு முறை சிவப்பு, ஒரு முறை நீலம், ஒரு முறை வெள்ளை என்று மாறும். நிறம் மாறியதும் கதை மாறிவிட்டது என்று கண் புரிந்துகொள்ளும். மாறாக, அடுக்கிய பன்னிரண்டு படமும் ஒரே நீலம்-ஆரஞ்சாக இருந்தால், அழகாகத்தான் இருக்கும், ஆனால் எதையும் சொல்லாது. நம் நடிகர்களின் மாநிறம் செம்புப் பாத்திரம் போல மின்னினால் அதையும் எழுதுங்கள்.

உடை, நகை, இசை பற்றியெல்லாம் இரண்டு வரி போதும். இசைக்கு மட்டும் ஒரு சோதனை: ஐந்து நிமிடம் கண்ணை மூடிக் கேளுங்கள், இசை இல்லாத இடம் ஒன்றாவது வந்ததா? நாயகிக்கும் ஒன்று: அவள் தானாக எடுத்த முடிவுகளை விரல்விட்டு எண்ணுங்கள். ஒரு கைக்கு மேல் போனால் ஆச்சரியம்.

தாளில் எழுதும் விதம்

‘அருமை’, ‘மொக்கை’, ‘வேற லெவல்’ மூன்றுக்கும் தடை. ஒவ்வொரு வரியிலும் நிமிடம், கண்ணில் பட்டது, அது செய்த வேலை மூன்றும் வேண்டும். “ஒளிப்பதிவு அருமை” என்று எழுதியவரிடம் தாளைத் திருப்பிக் கொடுங்கள். “47ஆவது நிமிடம். பாலத்துச் சண்டை ஒரே அகலமான ஷாட்டில் இருபது வினாடி. இரு பக்கமும் தெரிந்ததால் பாலம் அறுவதற்கு முன்பே பயம் வந்தது.” இப்படி இருக்க வேண்டும்.

நிறைக்கும் குறைக்கும் தனித்தனிப் பத்தி போட்டால் ஒரு சிக்கல் வரும். இந்த வகைப் படங்களில் இரண்டும் ஒரே பொருளின் இரு முகமாக இருக்கும். ஸ்லோமோஷன் நாயகனின் நிலையைச் சிற்பம் போல மனதில் பதிக்கிறது. அதுவே சண்டையின் மூச்சையும் நிறுத்துகிறது. ஒவ்வொரு காட்சியும் சுவரில் மாட்டும் ஓவியம் போல இருப்பதால் அடுத்ததற்குப் போக வேண்டும் என்ற அவசரம் நமக்கே வருவதில்லை. ஆகவே இரண்டையும் ஒரே வரியில், பக்கம் பக்கமாக எழுதி, இந்தப் படத்தில் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று கையுயர்த்திக் கேளுங்கள். பெரியவர்களும் இளையவர்களும் இங்கேதான் பிரிவார்கள். தாத்தாமார் கதையின் விதியைப் பிடித்துக்கொள்வார்கள், தம்பிமார் வெட்டின் வேகத்தை. பிரியட்டும். தாளில் இரண்டு எண்ணிக்கையையும் போடுங்கள்.

மொழிமாற்றிய படமாக இருந்தால் வசனத்தின் அழகைப் பற்றித் தீர்ப்பு சொல்லாதீர்கள், குரல் கொடுத்தவரைப் பற்றி மட்டும் சொல்லலாம். கீழே மலாய் எழுத்து ஓடினால், அதை வாசித்தவரிடம் சண்டை புரிந்ததா என்று கேட்பதில் பயனில்லை. அவர் கண் பாதி நேரம் கீழேதான் இருந்தது. அகலப் படத்தின் கீழிருக்கும் கறுப்புப் பட்டைக்குள் எழுத்தை இறக்கிவைக்கக் கருவியில் வசதி இருந்தால் செய்யுங்கள். அது முகத்தை மறைக்காது.

கூட்டம் கலைந்ததும் திரைத்துணியை மடிக்க வேண்டாம். பிளாஸ்டிக் குழாயில் சுருட்டி, இரு முனையையும் கட்டி, கூரை ஒழுகாத பக்கம் படுக்க வையுங்கள். மடித்து வைத்த துணியில் விழும் கோடு அடுத்த படத்தில் நாயகன் முகத்தின் குறுக்கே வந்து நிற்கும். யாராவது அதையும் கிராபிக்ஸ் கோளாறு என்று எழுதிவிடுவார்கள்.